அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு யார் விலை சொல்வது?

குடும்பமும் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்த எங்கள் அப்பா சென்ற ஆண்டு ஆடி மாதம் காலமானார். லைசென்ஸ் பெற்ற 12 போர் (குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெப்லி ஸ்காட் நிறுவனம் செய்தது. 1974ல் ஓர் எஸ்டேட்காரரிடம் வாங்கினாராம். கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கும் நாள்களில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். வேறெதற்கும் அதை எடுத்து நான் பார்த்ததில்லை. கருமாதி முடிந்ததும் அண்ணன் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறார். இப்போது தன் பெயருக்கு லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள விரும்புகிறார். நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணன் ஊரில் இருக்கிறார், அம்மாவும் அவரோடுதான். நானும் தம்பியும் சிங்கப்பூரில். "பழைய இரும்பு, 20,000 ரூபாய்க்கு மேல் போகாது, உங்கள் பங்கைத் தந்துவிடுகிறேன்" என்கிறார் அண்ணன். இங்கிலாந்து ஏல விலைகளைப் பார்த்துவிட்டுத் தம்பி இரண்டரை லட்சம் என்கிறான். மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. தலைதிவசம் நெருங்குகிறது. நியாயமான விலை எது?
– பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்

பதில்: சகோதரி, உங்கள் கணக்கில் ஓர் ஆளை விட்டுவிட்டீர்கள். அப்பா உயில் எழுதி வைக்கவில்லை என்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தப் பொருளில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. நீங்கள் மூன்று பங்கு போட்டிருக்கிறீர்கள். அது நான்கு. அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்பதால் அவர் பங்கு தானாக அண்ணனுக்குப் போய்விடாது. அவர் விரும்பினால் கொடுக்கலாம், ஆனால் அவரிடம் கேட்க வேண்டும். அப்பாவோடு அத்தனை ஆண்டு வாழ்ந்தவரிடம் இந்த மூன்று மாதத்தில் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? முதல் தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான் போக வேண்டும்.

இப்போது நான்கால் வகுத்துப் பாருங்கள். அண்ணன் சொல்லும் விலையில் ஒரு பங்கு 5,000 ரூபாய். தம்பி சொல்லும் விலையில் 62,500. நடுவில் இருப்பது 57,500 ரூபாய், நம் சிங்கப்பூர்ப் பணத்தில் ஆயிரம் வெள்ளிக்கும் (டாலருக்கும்) குறைவு. தொகை சிறியது, விட்டுத்தொலையுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. உங்கள் தம்பிக்குக் காசு குறைந்ததில் வருத்தம் இருக்காது. அப்பா உயிராய் வைத்திருந்த பொருளை அண்ணன் பழைய இரும்பு என்று சொன்னாரே, அந்த வார்த்தைதான் தைத்திருக்கும். அண்ணனுக்கோ, கடைசிக் காலத்தில் அப்பாவைத் தூக்கிக் கிடத்திப் பார்த்துக்கொண்டவனிடம் தம்பி ஏலக் கணக்குக் காட்டுகிறானே என்ற கோபம். இரண்டும் நியாயமான வருத்தங்கள். ஆனால் துப்பாக்கியின் விலைக்குள் அவற்றை நுழைத்தால் விலையும் கெடும், வருத்தமும் தீராது.

இந்தக் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. 1972ல் தேசிய சேவைக்குப் போன நான், பிறகு படையிலேயே தங்கி ஆயுதக் கிடங்கில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற பின் ஒரு துப்பாக்கி சுடும் மன்றத்தில் ஏழு ஆண்டுகள் கிடங்குப் பொறுப்பு. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் பெரியப்பா விட்டுப்போன ஒற்றைக்குழலுக்காக அவர் மக்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பேசியவனும் நான்தான். அதில் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் தம்பியின் விலை ஏன் செல்லாது? இங்கிலாந்து ஏலத்தில் அந்த விலை கொடுப்பவர் இங்கிலாந்தில் இருக்கிறார். உங்கள் அப்பாவின் துப்பாக்கி சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அதை வாங்கக்கூடியவர் இந்தியாவில் 12 போருக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர், அல்லது லைசென்ஸ் பெற்ற வியாபாரி. 2019ல் இந்திய ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. ஏற்கெனவே மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று. வாங்குவோர் வட்டம் சிறியது. அதற்கேற்பத்தான் விலை நிற்கும்.

அண்ணனின் விலையும் செல்லாது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து இந்தியாவில் பொதுமக்களுக்கான வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கு முன் வந்திறங்கிய பர்மிங்காம் துப்பாக்கிகள்தான் கைமாறிக் கைமாறிப் புழங்குகின்றன. புதிதாக வேண்டுபவர் பெரும்பாலும் உள்நாட்டில் செய்ததைத்தான் வாங்க வேண்டும். ஆகவே நல்ல நிலையில் உள்ள ஒரு வெப்லி ஸ்காட்டை எந்த வியாபாரியும் இரும்பு விலைக்குப் பேச மாட்டார். "நல்ல நிலையில்" என்ற சொல்லுக்குத்தான் இங்கே முழு எடையும்.

நம் ஊர்ப் பாகப்பிரிவினையில் ஒரு வழக்கம் உண்டு: மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பங்கு வைப்பவன் கை கோணாது. ஒற்றைப் பொருளுக்கும் இதைப் பொருத்தலாம். ஒருவர் விலை சொல்ல, அதே விலைக்கு வாங்குவதா விற்பதா என்று மற்றவர் முடிவு செய்யலாம். பெரியப்பா மக்களிடம் இதைத்தான் செய்தேன், இருவரும் ஊரிலேயே இருந்ததால் அது நடந்தது. உங்கள் வீட்டில் நடக்காது. தம்பி சிங்கப்பூரில் இருந்துகொண்டு அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவே முடியாது என்பது அண்ணனுக்குத் தெரியும். எடுக்க முடியாதவன் சொல்லும் விலைக்கும், போட்டியில்லாமல் எடுப்பவன் சொல்லும் விலைக்கும் கடிவாளம் கிடையாது. அதனால் உங்கள் குடும்பத்தில் யாரும் விலை சொல்லக் கூடாது. வெளியாட்கள் இருவர் சொல்லட்டும்.

லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரிகள் இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவரை அண்ணன் சொல்லட்டும், மற்றவரைத் தம்பி சொல்லட்டும். யார் வாங்கப்போகிறார் என்று வியாபாரியிடம் சொல்ல வேண்டாம். இரண்டு கேள்வி மட்டும் கேட்டு, பதிலைக் கடைத்தாளில் எழுதி வாங்குங்கள். "இதை நாளைக்கே நீங்கள் எடுத்துக்கொண்டால் எவ்வளவு தருவீர்கள்?" என்பது முதல் கேள்வி. "இதே நிலையில் உள்ள ஒன்றை ஒரு லைசென்ஸ்காரருக்கு எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள்?" என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது வியாபாரியின் வாடகை, லாபம், காத்திருப்பு. வீட்டுக்குள் கைமாறும்போது அந்த நடுத்தொகை யாருக்கும் போவதில்லை. அதைப் பாதியாக்கி, இரு வியாபாரிகளின் கணக்கையும் சேர்த்துச் சராசரி எடுங்கள். கணக்கு புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன்: வாங்கும் விலை 40,000, விற்கும் விலை 70,000 என்றால் வீட்டு விலை 55,000. வைப்புக் கட்டணமும் சில்லறைப் பழுதும் 3,000 ஆகி, அதை அண்ணன் கட்டியிருந்தால் கழித்துவிடுங்கள். மீதி 52,000. ஒரு பங்கு 13,000 ரூபாய், இருநூறு வெள்ளியை ஒட்டி வரும்.

வியாபாரி எதைப் பார்த்து விலை சொல்கிறார் என்பது உங்கள் மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சொன்னதும் ஒரு வதந்தி ஆகிவிடும். அவர் துப்பாக்கியை மடக்கி, இரண்டு தோட்டா அறையும் காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுப்பார். குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்ப்பார். நல்ல குழலில் ஒளி வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக இறங்கும். வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே வெளியிலிருந்து அடி விழுந்து குழிந்திருக்கிறது. பழைய தோட்டாக்களின் கரி துடைக்காமல் கிடந்திருந்தால், மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் உட்சுவரில் குழிகள் தெரியும். அவற்றைத் தேய்த்து எடுக்கலாம். ஆனால் தேய்க்கத் தேய்க்கச் சுவர் மெலியும், மெலிந்த சுவர் ஆளுக்கு ஆபத்து. பிறகு குழல்களின் கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். இரண்டு குழல்களையும் இணைக்கும் பற்று உறுதியாக இருந்தால் கோயில் கைமணிபோல் ஒலி நீளும். பற்று விட்டிருந்தால் தகர டப்பாவைத் தட்டியதுபோல் செத்த ஒலி. இந்த ஒலிக்காக நான் காத்திருந்த தருணங்கள் பல. கேட்டவுடன் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

பூட்டிய நிலையில் அசைத்துப் பார்த்தால் குழலுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே ஆட்டம் இருக்கக் கூடாது. கட்டையில், பூட்டுக்குப் பின்னால் கைப்பிடி மெலியும் இடத்தில், மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எண்ணெய் அழுக்கு அதை மறைத்துவிடும்.

குழலின் அடிப்பக்கத்தில் கிரீடத்தின் கீழ் சிறு எழுத்துகள் பொறித்திருக்கும். அது பர்மிங்காமில் 1813 முதல் இயங்கும் சோதனைச் சாலையின் முத்திரை. அதற்கருகில் தோட்டா அறையின் நீளம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பல இரண்டரை அங்குல, அதாவது 65 மில்லிமீட்டர் அறை கொண்டவை. இப்போது கடைகளில் புழங்குபவற்றில் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் உண்டு. இந்த இடத்தில் பலர் ஏமாறுவார்கள்: 70 என்று எழுதியிருப்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத நிலையில் அது 65 அறைக்குள் அழகாக உட்கார்ந்துகொள்ளும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அண்ணனிடம் இதை விலைக்காக அல்லாமல் அவர் கைக்காகவும் கண்ணுக்காகவும் சொல்லுங்கள்.

இனி எண். குழலிலும் பூட்டின் உடலிலும் பொறித்த எண் ஒன்றாக இருக்க வேண்டும், அதே எண் லைசென்ஸ் புத்தகத்திலும் இருக்க வேண்டும். பெரியப்பாவின் துப்பாக்கியில் கடைசி எண் 3. புத்தகத்தில் 8. ஏதோ ஒரு புதுப்பிப்பில் யாரோ எழுதிய பிழை அப்படியே ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் நகலெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. அதைத் திருத்த ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் ஒரு மழைக்காலமும் துப்பாக்கி ஒரு வைப்பறையின் ஈரச் சுவரில் சாய்ந்து கிடந்தது. வெளியே வந்தபோது குழலுக்குள் நான் பார்த்த துரு இன்றும் கண்ணில் நிற்கிறது. முதலில் 18,000 சொன்ன வியாபாரி 11,000 என்றார். குறைந்த 7,000 ரூபாயை யார் தலையில் கட்டுவது என்று ஒரு புதுச் சண்டை மூளப் பார்த்தது. பெரியப்பாவின் மூத்த மகன், "தாமதம் என்னால், நான் பழைய விலையே தருகிறேன்" என்று சொன்னதால் அடங்கியது.

ஆகவே, சகோதரி, நீங்கள் மூவரும் விலை பேசாமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த விலை கரைந்துகொண்டிருக்கிறது. எழுத்துமூலம் அனுமதி பெற்று, துப்பாக்கியைக் காவல் நிலையத்திலிருந்து லைசென்ஸ் பெற்ற ஒரு வியாபாரியின் பாதுகாப்புக்கு மாற்றக் கேளுங்கள். ஆயுதச் சட்டம் இரண்டு இடத்தையும் ஏற்கிறது. வியாபாரி கட்டணம் வாங்குவார், எண்ணெய் போட்டுத் துடைத்தும் வைப்பார். ஒப்படைத்த பொருளைக் குறித்த காலத்துக்குள் உரிமை கோராமல் விட்டால் அது அரசுடைமை ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அண்ணனுக்குத் துப்பாக்கி கிடைப்பது மாவட்ட ஆட்சியர் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, காவல்துறை விசாரணை எல்லாம் முடிந்துதான் லைசென்ஸ். இப்போது அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும், முன்பு மூன்று. லைசென்ஸ் கிடைக்கும்வரை அண்ணன் வாங்கியவர் ஆக மாட்டார். எனவே பேச்சை இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: விலை இன்று முடிவாகிறது, லைசென்ஸ் கைக்கு வந்த நாளில் பணம் வங்கி வழியாகப் போகிறது, லைசென்ஸ் மறுக்கப்பட்டால் துப்பாக்கியை வியாபாரிக்கு விற்று, வந்ததை நான்காகப் பிரிக்கிறோம். நால்வரும் கையெழுத்து. இதை எழுதாமல் ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், பிறகு பணம் கேட்பதே சண்டை ஆகிவிடும். வெளியாளுக்கு விற்பதாக இருந்தால், யாருக்கு விற்கப்போகிறோம் என்று ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்பது தனி விதி. ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் தாள்களை ஒருமுறை காட்டிவிடுங்கள். மிச்சமிருக்கும் தோட்டாக்களைப் பங்கு போடும் பேச்சே வேண்டாம். அவையும் லைசென்ஸுக்கு உட்பட்டவை, துப்பாக்கியோடு ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட அண்ணனிடம் முழு விலை வாங்குவதா என்று உங்கள் மனம் கேட்கும். கேட்கத்தான் வேண்டும். என் வழி இது: முதலில் விலையை முழுதாக முடியுங்கள், ஒரு ரூபாய் குறைக்காமல். அது 55,000 என்றால் 55,000 என்று எல்லார் முன்னாலும் தாளில் இருக்கட்டும். அதற்குப் பிறகு, உங்களுக்கு மனம் இருந்தால், "அண்ணே, என் பங்கு உங்களுக்கே இருக்கட்டும், அப்பாவை நீங்கள் பார்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை" என்று சொல்லுங்கள். விலையைக் குறைத்து உதவினால் அண்ணன் அதை உதவியாகக் காண மாட்டார், தான் சொன்ன விலையே சரி என்றுதான் நினைப்பார். தம்பி அதை ஏமாந்ததாக எழுதிக்கொள்வான். விட்டுக்கொடுப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தம்பி தன் பங்கை வாங்கிக்கொண்டால் அதுவும் முறைதான், அவனைக் குறை சொல்லாதீர்கள்.

அண்ணன் தம்பிக்கு ஒன்று செய்யலாம். அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தில் 1974ல் ஒட்டிய இளவயதுப் புகைப்படம் இருந்தால், அதைப் பெரிதாக நகலெடுத்து அனுப்பட்டும். துப்பாக்கிக் கட்டையில், கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாகச் செதுக்கிய கோடுகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஐம்பது ஆண்டு ஒரே மனிதர் பிடித்த துப்பாக்கியில், கட்டைவிரல் படியும் இடத்தில் மட்டும் அந்தக் கோடுகள் மழுங்கி வழுவழுப்பாகியிருக்கும். வியாபாரி அதைத் தேய்மானம் என்று விலையில் குறைப்பார். அவர் தொழிலுக்கு அது சரி. அண்ணன் அதைப் பழுது பார்க்கிறேன் என்று புதிதாகச் செதுக்கிவிடாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் நீங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு அவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரருக்கு 70 வயதானாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு உயிரோடு இருக்கும்போதே லைசென்ஸ் வழங்கச் சொல்லிக் கேட்கலாம். ஊரில் அப்பாவோ மாமாவோ அப்படி ஒன்று வைத்திருந்தால், அடுத்த விடுமுறைக்குப் போகும்போது அவர்கள் வாயாலேயே விலையையும் ஆளையும் சொல்லவைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் பழைய நாட்டுத் துப்பாக்கி ஊரில் சித்தப்பாவிடம் இருக்கிறது. குழலை அடைத்து, சுடாதபடி செய்து, எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஹாலில் அலங்காரமாக மாட்ட ஆசை. சித்தப்பா 5,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள், கொண்டுவராதீர்கள். சிங்கப்பூரில் அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஆயுதக் குற்றச் சட்டத்தின்கீழ் ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. அந்தச் சட்டம் 1973லிருந்து இருக்கிறது. குழலை அடைத்துவிட்டேன் என்று நீங்கள் சொல்வதை விமான நிலையத்தில் யாரும் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. பெட்டியின் ஓரத்தில் ஒற்றைத் தோட்டா கிடந்ததற்காக இந்திய விமான நிலையங்களிலேயே பயணிகள் பிடிபடுகிறார்கள். தாத்தாவின் தோல் பட்டையைக்கூட நன்றாக உதறிப் பார்க்காமல் எடுத்துவராதீர்கள்.

அதோடு, சித்தப்பாவிடம் அதற்கு லைசென்ஸ் இருக்கிறதா? வாய்வழியாக மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் இந்தியாவில் லைசென்ஸ் வேண்டும். இல்லை என்றால் விலை பேசுவதை இன்றே நிறுத்திவிட்டு, ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போய் அதை ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் துப்பாக்கி சுடும் குழுவில் இருக்கிறான். என் அக்கா மகன் போட்டிகளை விட்டுவிட்டதால் தன் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியை (ஏர் பிஸ்டல்) 1,800 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறான். "நமக்குள் பேரம் எதற்கு" என்கிறார் அக்கா. விலை சரிதானா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– ஈசூன் வாசகி

பதில்: பணத்தை எடுக்குமுன் ஒன்று: இங்கே காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். அது மன்றத்தின் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது. உங்கள் மகன் பெயருக்கு உரிமம் மாறாமல் கைமாறவும் முடியாது. எனவே மன்றத்தையும் காவல்துறை உரிமப் பிரிவையும் முதலில் கேளுங்கள்.

விலைக்கு வருவோம். 4.5 மில்லிமீட்டர் போட்டித் துப்பாக்கியில் குழல் எளிதில் தேயாது. பழையதாகிப் போவது காற்றடைத்த சிலிண்டர். 200 பார் அழுத்தத்தை அடக்கிவைக்கும் பாத்திரம் அது. தயாரிப்பாளர் அதற்குப் பத்து ஆண்டுதான் ஆயுள் சொல்வார். அனைத்துலகப் போட்டி விதிகளும் காலாவதியான சிலிண்டரை ஏற்பதில்லை. அக்கா மகனின் சிலிண்டருக்கு ஒன்பது ஆண்டு ஆகியிருந்தால், துப்பாக்கி பளபளவென்று இருந்தாலும் அடுத்த ஆண்டே நீங்கள் புதிது வாங்க வேண்டும். அந்தத் தொகையை 1,800லிருந்து கழிப்பதுதான் முறை. கைப்பிடியையும் பாருங்கள். அது மரத்தில் ஒருவர் கைக்கு ஏற்பச் செதுக்கி, மரப் புட்டி பூசி, மீண்டும் அரம் போட்டு ஆக்கியது. உங்கள் மகன் கை சிறியதாக இருந்தாலோ அவன் இடக்கைக்காரனாக இருந்தாலோ அந்தக் கைப்பிடிக்கு அவனிடம் மதிப்பில்லை, வேறொன்று வாங்க வேண்டும். விசையை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையாமல் நிற்கிறதா என்பதைப் பயிற்றுவிப்பாளர் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சொல்லிவிடுவார்.

கூச்சத்தை விடுங்கள். அக்காவிடம் நீங்கள் பேரம் பேச வேண்டியதில்லை. துப்பாக்கியைப் பயிற்றுவிப்பாளர் பார்க்கட்டும், அவர் சொல்லும் விலையை இரு வீடும் ஏற்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது அக்கா மகனுக்கும் நல்லது. ஒருவேளை அவன் குறைத்துச் சொல்லியிருந்தால் கூடுதலாகக் கிடைக்கும். சிலிண்டரின் மேல் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். இந்த வாரம் மன்றத்துக்குப் போகும் மகனிடம் அதைக் குறித்துவரச் சொல்லி எனக்கு எழுதுங்கள், மீதியை அடுத்த இதழில் பார்க்கலாம்.